தானாகப் படித்த வெப் டெவலப்பர் எதைக் கட்டிக் காட்டுவது: குளோனா, கடைத் தளமா, சொந்தக் கருவியா, ஓப்பன் சோர்ஸா?

வீட்டில் இருந்தபடியே எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் படித்து, ரியாக்டிலும் கொஞ்சம் கைவைத்துவிட்டவருக்கு அடுத்து வரும் தலையிடி போர்ட்போலியோதான், அதாவது செய்த வேலைகளை எடுத்துக் காட்டும் தொகுப்பு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளையிடம் இறுதியாண்டு புரொஜெக்ட் ஒன்று இருக்கும். இன்டர்ன்ஷிப் செய்த கம்பனியின் பெயரும் இருக்கும். தானாகப் படித்தவரிடம் இரண்டும் இல்லை. அவர் கட்டியதை வைத்துத்தான் அவரை எடைபோடுவார்கள்.

கையில் இருப்பது பின்னேரங்களும் சில மாதங்களும். அவற்றை நான்கு விதமாகச் செலவிடலாம். பிரபல தளங்களைப் பார்த்து அதேபோலக் கட்டுவது (குளோன்), உள்ளூரில் ஒரு கடைக்கோ அமைப்புக்கோ உண்மையான தளம் செய்து கொடுப்பது, தனக்குத் தோன்றிய ஒரு கருவியைச் சொந்தமாகக் கட்டுவது, கோட் எல்லாருக்கும் திறந்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்குப் பங்களிப்பது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நேரத்தின் பெரும்பகுதியை இரண்டாவதுக்குக் கொடுப்பேன், மிச்சத்தை மூன்றாவதுக்கு. ஆனால் எல்லாருக்கும் அது பொருந்தாது. ஏன் என்பது, நீங்கள் அனுப்பும் இணைப்பை யார் திறக்கப் போகிறார் என்பதில் இருக்கிறது.

திறக்கப் போவது யார்?

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உள்ள மென்பொருள் கம்பனிக்கு விண்ணப்பித்தால், அங்கே ஒரு சீனியர் டெவலப்பர் கோடைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் உள்ள உங்கள் பக்கத்தைச் சில நிமிடம் பார்ப்பார். நேர்முகத்தில் ஒரு கோப்பைத் திறந்து வைத்து “இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்பார். அப்வேர்க், பைவர் போன்ற பிரீலான்ஸ் வேலைத் தளங்கள் வழியாக வரும் வெளிநாட்டு வாடிக்கையாளர் கோடைப் பார்க்கவே மாட்டார்; தனக்குத் தேவையானதைப் போன்ற தளம் ஒன்று ஏற்கெனவே ஓடுகிறதா, எழுதினால் ஒழுங்கான ஆங்கிலத்தில் பதில் வருகிறதா என்று பார்ப்பார். கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை வைத்திருப்பவருக்கு இரண்டும் தேவையில்லை. “ஆருக்குச் செய்து குடுத்தனீர் தம்பி?” என்று கேட்டு, தன் போனிலேயே திறந்து பார்ப்பார். மூன்று பேரையும் ஒரே போர்ட்போலியோவால் திருப்திப்படுத்த நினைத்தால் மூவருக்கும் அரைகுறையாகத்தான் வரும்.

குளோன்

இதைக் கெதியாகக் கடந்துவிடலாம். நெட்பிளிக்ஸ் முகப்பு, வானிலை ஆப், செய்யவேண்டியவை பட்டியல்: யூடியூப்பைப் பார்த்து ஒரு வார இறுதியில் முடிக்கக்கூடியவை. இலவசமாகக் கோடிங் கற்பிக்கும் ஃப்ரீகோட்கேம்ப் தன் ரெஸ்பான்சிவ் வெப் டிசைன் சான்றிதழுக்கு நெடுங்காலமாகக் கேட்டுவந்த ஐந்து வேலைகளும் (கருத்தாய்வுப் படிவம், நினைவஞ்சலிப் பக்கம், பொருள் அறிமுகப் பக்கம் போன்றவை) அதேபோன்ற இலவசப் பாடத்திட்டமான ஒடின் புரொஜெக்டில் வரும் கல்-தாள்-கத்தரி விளையாட்டும் கால்குலேட்டரும் கற்பதற்கு அருமையானவை. ஆனால் உலகம் முழுக்க ஏராளமானோரிடம் அதே ஐந்தும் அதே கால்குலேட்டரும் இருக்கின்றன. இப்போது சட்ஜிபிடியிடம் கேட்டால் அந்த வேலையைத் தேநீர் ஆறுவதற்குள் எழுதித் தந்துவிடும் என்பதும் பார்ப்பவருக்குத் தெரியும்.

குளோன் ஒன்றை வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒன்றே ஒன்று போதும். அதுவும் வீடியோவில் இல்லாத ஏதோ ஒன்றை நீங்கள் சேர்த்ததாக இருக்கட்டும். கற்ற கணக்குக்கு நல்லது, காட்டும் கணக்குக்கு மெலிவு. அவ்வளவுதான்.

உள்ளூர் ஒருவருக்குச் செய்யும் தளம்

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சிக்கலும் இங்கேதான்.

முதல் சிக்கல், பலருக்கு உண்மையில் வெப்சைட் தேவையில்லை. “பேஸ்புக் பேஜ் இருக்குத்தானே, வட்ஸ்அப்பில ஓடர் வருது, பிறகேன் தம்பி?” என்று கடைக்காரர் கேட்டால் அது நியாயமான கேள்வி. சுன்னாகம் சந்தையில் மரக்கறி விற்பவரிடம் போய் நின்று அவருக்கு ஒரு தளத்தைத் தலையில் கட்டினால் நாளைக்கு அதை யாரும் திறக்கமாட்டார்கள். யாரும் திறக்காத தளம் குளோனை விடப் பெரிதாக மேலில்லை.

தளம் உண்மையில் ஒரு அலுவலைச் செய்யும் இடங்கள் வேறு. கல்யாண மண்டபம் ஒன்றுக்கு எந்தத் திகதி காலி என்று காட்டும் நாட்காட்டி இருந்தால், முகூர்த்த மாதங்களில் வரும் தொலைபேசி அழைப்புகள் பாதியாவது குறையும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்கும் விடுமுறைக்கும் வந்து தங்கும் புலம்பெயர்ந்த உறவுகளை நம்பி நடக்கும் விருந்தினர் விடுதிக்கு, ரொறன்ரோவில் இரவாக இருக்கும்போதும் பதில் சொல்லும் பக்கம் ஒன்று வேண்டும். ரியூசன் சென்டருக்கு நேரசூசி மாறிக்கொண்டே இருக்கும். ஒடியல் மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் வீட்டுத்தொழில்காரருக்கு நிறை வாரியாகத் தபால் செலவு கணக்கிட வேண்டும். கடைகளுக்கு ஏறி இறங்கக் கூச்சமாக இருப்பவர்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தையோ தாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்தையோ யோசிக்கலாம். சங்கத்துக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் கிளைகள் இருந்தால் பார்ப்பதற்கு ஆட்களும் இருப்பார்கள், குறை சொல்வதற்கும் ஆட்கள் இருப்பார்கள். இரண்டும் வேண்டியதுதான்.

இரண்டாவது சிக்கல் உறவு. யாழ்ப்பாணத்தில் முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் மாமாவாகத்தான் இருப்பார். மாமாவுக்கு என்றால் காசு கேட்க முடியாது, இழுபட்டால் கோபிக்கவும் முடியாது. இலவசமாகச் செய்வதா, சிறு தொகை வாங்குவதா என்று கேட்டால் நான் வாங்கு என்பேன். உழைப்புக்கு வாங்காவிட்டாலும் டொமைனுக்கும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்குக்கும் (தளம் இருக்கும் சேர்வர் இடம்) ஆகும் செலவை அவரே கட்டட்டும். தன் காசு போன வேலையை ஆள் விசாரிப்பார். சும்மா கிடைத்ததை மறந்துவிடுவார். டொமைனை அவருடைய பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் பதிவதும் முக்கியம். நீங்கள் பிறகு கொழும்புக்குப் போய்விட்டால் தளத்தைப் புதுப்பிக்க முடியாமல் அவர் அலையக்கூடாது.

மூன்றாவது, உள்ளடக்கம் வராது. “படங்கள் நாளைக்கு அனுப்பிறன்” என்பது நாளைக்கு வரும் பேச்சல்ல. எத்தனை பக்கம், யார் எழுதுவது, படம் எப்போது தருவது, முடிந்த பிறகு எத்தனை திருத்தம் இலவசம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை இல்லாமல் போகும். படங்கள் வரவில்லையென்றால் போனை எடுத்துக்கொண்டு நீங்களே போய் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு தொல்லையையும் ஏன் படவேண்டும்? குளோன் செய்யும்போது எழாத கேள்விகள் இங்கே தானாக எழும். உரிமையாளர் போனில் எடுத்து அனுப்பும் படம் ஒவ்வொன்றும் சில எம்பி இருக்கும். அப்படியே போட்டால் நெடுந்தீவில் சிக்னல் மெலிந்த இடத்தில் பக்கம் திறக்காது. வெப்பி (WebP) என்ற பாரம் குறைந்த பட வடிவத்துக்கு மாற்றி, அளவைக் குறைத்து, பக்கத்தின் வேகத்தை அளக்கும் லைட்ஹவுஸில் சோதித்து, முக்கியமான படம் 2.5 விநாடிக்குள் தெரிகிறதா என்று பார்க்கத் தொடங்குவீர்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த எண்களைக் குறித்து வைத்தால் நேர்முகத்தில் சொல்ல ஒரு கதை கிடைத்துவிடும். தமிழில் பட்டனில் எழுதும் சொல் ஆங்கிலத்தை விட நீளம் என்பதால் அழகான அமைப்பு போனில் உடையும். மும்மொழித் தளமென்றால் சிங்களத்துக்கும் சரிபார்க்க வேண்டும்.

காசு வாங்கும் பகுதியை எடுங்கள். யூடியூப் பாடங்கள் எல்லாம் ஸ்ட்ரைப் என்ற ஒன்லைன் கட்டணச் சேவையைக் காட்டும். இலங்கையில் பதிவான கடைக்கு ஸ்ட்ரைப் கணக்குக் கிடைக்காது. இங்கே பேஹியர் போன்ற உள்ளூர் வழிகள்தான். பேஹியரில் சோதனைக்குச் சாண்ட்பாக்ஸ் (உண்மைக் காசு இல்லாத ஒத்திகை இடம்) இருக்கிறது. அதில் வேலை செய்யும்போது ஒன்றைக் கண்டுகொள்வீர்கள்: வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டுத் திரும்பி வரும் பக்கத்துக்குக் கட்டணம் வெற்றியா தோல்வியா என்ற தகவல் வராது. அந்தத் தகவல் பின்னால் சேர்வருக்குச் சேர்வர் தனியாக வரும். அது பேஹியரிடமிருந்தே வந்ததா என்று அதிலுள்ள கையொப்பக் குறியீட்டை நீங்கள் சரிபார்த்த பிறகுதான் ஓடரைப் பதிய வேண்டும். அந்த அழைப்பு உங்கள் லப்டொப்பின் லோக்கல்ஹோஸ்டுக்கு வந்து சேராது, வெளியே திறந்திருக்கும் முகவரி வேண்டும். இதை ஒருமுறை வடிவாக விளங்கிச் செய்தவர், பேமன்ட் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் தடுமாறமாட்டார். ஒன்லைன் கட்டணமே தேவையில்லை, வட்ஸ்அப்பில் ஓடர் வந்தால் போதும் என்று முடிவெடுப்பதும் நல்ல முடிவுதான். ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

கோட் எழுதாமலே தளம் கட்டவும் மாற்றவும் உதவும் வேர்ட்பிரஸில் செய்வதா, கையால் கோட் எழுதுவதா? விலையைத் தானே மாற்ற நினைக்கும் உரிமையாளருக்கு வேர்ட்பிரஸ் நேர்மையான பதில். வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் அதைத்தான் அதிகம் தேடுகிறார்கள். உலகத் தளங்களில் 40 வீதத்துக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. ரியாக்ட் டெவலப்பர் தேடும் கம்பனிக்கு மட்டும் ரெடிமேட் தீம் போட்ட வேர்ட்பிரஸ் தளம் உங்களைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லாது. அந்தப் பக்கம் போக நினைப்பவர், சின்னத் தளமாக இருந்தாலும் தானே எழுதட்டும்.

இலவச ஹோஸ்டிங்கில் ஒரு கண்ணி இருக்கிறது. வேர்சல் என்ற ஹோஸ்டிங் சேவையின் இலவசத் திட்டம் வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும். கிட்ஹப் பேஜஸையும் ஒன்லைன் வியாபாரம் நடத்தும் இலவச இடமாகப் பாவிக்கக்கூடாது என்பது அவர்களுடைய விதி. உங்கள் சொந்தப் பக்கத்துக்கு இரண்டும் சரி. மாமாவின் கடைக்கு மாமா காசு கட்டட்டும்.

சொந்தக் கருவி

யாருக்கும் காத்திருக்கத் தேவையில்லை, யாரும் படம் அனுப்பத் தேவையில்லை. இதுதான் இந்த வழியின் பெரிய வசதி. பெரிய ஆபத்தும் அதுவேதான்: கேட்பவர் இல்லாததால் முடிவும் இல்லை. உள்நுழைவு, இருள் நிறம், அறிவிப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய், முதன்மை வேலை கடைசிவரை அரைகுறையாகக் கிடக்கும்.

எதைக் கட்டுவது என்று தேடுகிறவர்களுக்கு என் பரிந்துரை தமிழ்த் தரவு. கொழும்பிலோ பெங்களூரிலோ இருப்பவர் எளிதில் கைவைக்காத இடம் அது. உங்களுக்குப் பிறந்த வீடு. பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அச்சகங்களில் இன்றும் பாமினியில் தட்டிய பழைய கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. அதில் தமிழ் எழுத்து என்று எதுவும் சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை எழுத்துரு காட்டுகிறது, அவ்வளவுதான். எழுத்துருவை எடுத்துவிட்டால் கிறுக்கல். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் ஏற்கெனவே உண்டு. ஆனால் நீங்களே ஒன்றை எழுதிப் பார்த்தால் உள்ளே இருக்கும் சிக்கல் புரியும். பாமினியில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே கொம்பு, க, கால் என்று மூன்று விசையாக இருக்கும். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. வெறும் பதிலீட்டு அட்டவணை போதாது, வரிசையையும் மாற்றவேண்டும். அதற்கும் மேலே, அதே ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. ஜாவாஸ்கிரிப்டில் ஒப்பிட்டால் இரண்டும் வேறு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து நோர்மலைஸ் செய்தால்தான் தேடல் வேலை செய்யும்.

இன்னொன்று, இதைவிடச் சின்னது. ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் 11 என்று சொல்லும். நாங்கள் எண்ணினால் 6 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் செக்மென்டரைப் (Intl.Segmenter) பாவித்தால் 6 வரும். பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தும் இடத்திலும் இதே கதை. யூனிகோடின் எண் ஒழுங்கில் ன, பகரத்துக்கு முன்னே வந்துவிடும். ற, லகரத்துக்கு முன்னே. எங்கள் நெடுங்கணக்கில் இரண்டும் கடைசியில். சாதாரண சோர்ட் போட்ட ரியூசன் சென்டர்ப் பட்டியல் ஆசிரியருக்குப் பிழையாகத்தான் தெரியும். மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் கொலேட்டரில் (Intl.Collator) தமிழைக் குறிப்பிட்டால் சரியாகும். சின்ன விஷயங்கள்தான். ஆனால் இவற்றை விளக்கத் தெரிந்தவர் அடிப்படையை விளங்கிப் படித்திருக்கிறார் என்று எதிரில் இருப்பவர் உடனே கண்டுகொள்வார்.

பொதுப் பயன்பாட்டுத் தகவல் தளங்களும் எல்லாருக்கும் தோன்றும்: பஸ் நேரம், குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு நேரம். யோசனை நல்லது, தரவுதான் பிரச்சினை. நேரம் மாறும், காற்றும் கடலும் மாறும், உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். பிழையான நேரத்தை நம்பி ஒரு குடும்பம் இறங்குதுறையில் நிற்கும். செய்வதானால் ஒவ்வொரு வரியிலும் கடைசியாக எப்போது சரிபார்த்தது என்ற திகதியைப் போடுங்கள். அதைத் தொடர்ந்து பார்க்கத் தயாரில்லை என்றால் பாமினிப் பக்கமே போங்கள். அச்சகத்தில் வேலை செய்யும் ஒருவரைப் பிடித்து, அவர் கையில் கருவியைக் கொடுத்து, அவர் தட்டும்போது பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். சொந்தக் கருவிக்கு இல்லாத வாடிக்கையாளர் அப்போது கிடைத்துவிடுவார்.

ஓப்பன் சோர்ஸ்

வெளிநாட்டுக் கம்பனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்வதுதான் குறி என்றால் இதை ஒதுக்காதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் கோடை வரிவரியாகப் பார்த்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்டதும், நீங்கள் பதில் எழுதித் திருத்தியதும் பொதுவெளியில் அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் ஒழுங்காகக் கதைத்து வேலை செய்வார் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

ஆனால் மெதுவான பாதை. ஒரு புல் ரிக்வெஸ்டுக்கு (உங்கள் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் வேண்டுகோள்) பதில் வர வாரங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். அவசரத்தில் புரொஜெக்டின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் ஒரு சொல்லை மாற்றி அனுப்புவது பங்களிப்பாகாது. 2020 அக்டோபரில், பங்களிப்பவர்களுக்கு டீசேட் கொடுக்கும் ஹக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் டீசேட்டுக்காக அப்படி அனுப்பியவர்களால் பராமரிப்பாளர்கள் நொந்துபோய், அந்த நிகழ்வே விதியை மாற்றி, விரும்பிச் சேர்ந்த புரொஜெக்டுகளுக்கு மட்டும் என்று ஆக்கவேண்டி வந்தது. நீங்களே பாவிக்கும் லைப்ரரி ஒன்றில், நீங்களே முட்டிய பிழையைத் திருத்துவதுதான் இலகு. தமிழ் மொழிபெயர்ப்புப் பங்களிப்பும் நல்ல காரியம். விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி மென்பொருளை மொழிபெயர்க்கும் டிரான்ஸ்லேட்விக்கியில் யாரும் சேரலாம். ஆனால் அதைக் கோட் எழுதும் திறமைக்குச் சான்றாகக் காட்டாதீர்கள்.

சரி, யாருக்கு எது?

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு நேரம் இருக்கிறது, அவசரம் இல்லை. சொந்தக் கருவியில் தொடங்கலாம். ஊர்ச் சனசமூக நிலையத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஒரு தளமும் பிறகு செய்யலாம். பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஓரிரு மாதத்தில் கம்பனி வேலைக்கு மாற நினைப்பவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே ஒரு கடைத் தளத்தை எடுத்து முடிக்கட்டும். அதிலேயே கட்டணம், படம், மும்மொழி எல்லாம் வந்துவிடும். பிரீலான்ஸ் பக்கம் போகிறவருக்கு ஒரே துறையில் இரண்டு தளம் இருந்தால் பலம். விடுதி ஒன்று செய்தவர் இன்னொரு விடுதியையே பிடிக்கட்டும். மூன்றாவதாக வருபவர் வெளிநாட்டு விடுதிக்காரராக இருக்கலாம். ஓப்பன் சோர்ஸ் என்பது ஏற்கெனவே ஒரு வேலையில் இருந்துகொண்டு அடுத்ததைத் தேடுபவருக்குத்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன். வேலையே இல்லாத முதல் மாதங்களில் அது ஆளைச் சோர வைக்கும்.

எதை எடுத்தாலும் காட்டும் இடத்தில் கொஞ்சம் கவனம். கிட்ஹப் பக்கத்தில் 6 புரொஜெக்ட் வரை முன்னால் ஒட்டலாம். அதற்காக ஆறையும் நிரப்ப வேண்டியதில்லை. மூன்று போதும், மற்றவற்றைக் கீழே விடுங்கள். ‘ஃபைனல்’ என்ற ஒற்றைக் கமிட்டோடு (மாற்றத்தைச் சேமித்த பதிவு) நிற்கும் புரொஜெக்டைப் பார்த்தால் வேறெங்கோ இருந்து அள்ளிப் போட்டதோ என்ற சந்தேகம் வரும். வேலை நடந்த ஒழுங்கிலேயே கமிட்டுகள் இருக்கட்டும். ரீட்மீயை ஆங்கிலத்தில் எழுதுங்கள்: யாருடைய பிரச்சினை, எதைத் தெரிவுசெய்தீர்கள், எதை வேண்டாமென்று விட்டீர்கள், பிறகு ஒரு படம். பின்தளத்தை (சேர்வரில் ஓடும் பகுதியை) ரெண்டர் என்ற ஹோஸ்டிங் சேவையின் இலவசத் திட்டத்தில் வைத்திருந்தால், 15 நிமிடம் யாரும் வராவிட்டால் அது உறங்கிவிடும்; மீண்டும் விழிக்க ஒரு நிமிடம் வரை எடுக்கும். அந்த ஒரு நிமிடம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு எவரும் காத்திருக்கமாட்டார்கள். ஏற்றப்படுகிறது என்று ஒரு வரியாவது காட்டுங்கள், அல்லது இணைப்புக்குப் பக்கத்தில் சின்ன வீடியோ ஒன்றை வையுங்கள். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் எல்லா இணைப்பையும் வேறொருவருடைய போனில், வைஃபை இல்லாமல், ஒருமுறை திறந்து பாருங்கள்.